மூச்சுக்குப் பெயர் கிடையாது

சினிமாவில் கூட்டம் கத்துகிறதே, அந்தக் கத்தல் எங்களுடையது. திரையில் ஐந்நூறு பேர் ஓடுவார்கள். குரல் கொடுப்பது நாங்கள் ஆறேழு பேர். ஒரே மைக்கைச் சுற்றி நின்று "பிடி பிடி", "ஐயோ", "விடாதே" என்று மாற்றி மாற்றிக் கத்துவோம். முன்னால் போய்க் கத்துவோம், பின்னால் வந்து கத்துவோம், மூக்கைப் பிடித்துக்கொண்டும் கத்துவோம். எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுவிட்டால் ஊரே திரண்டு வந்த மாதிரி இருக்கும். இதில் எனக்குக் கூடுதல் தகுதி ஒன்று உண்டு. நான் நன்றாகக் குரைப்பேன். தெரு நாய், பணக்கார வீட்டு நாய், முதலாளி செத்த துக்கத்தில் ஊளையிடும் நாய், எல்லாம் வரும். அதனால் தொழிலில் எனக்கு 'நாயண்ணன்' என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் சொல்ல வந்தது என் கதை இல்லை. எங்களோடு வேலை பார்த்த 'இருமல்' கதை.

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது எங்கள் ஏஜென்ட். இருமல், விக்கல், விசும்பல், மூச்சிரைப்பு, இதெல்லாம் அவள் இலாகா. கதாநாயகி மாடிப்படி ஏறி ஓடினால் இரைப்பது இவள். கதாநாயகி தண்ணீரில் மூழ்கினால் திணறுவது இவள். பிள்ளை பெற்றால் முக்குவது இவள். அந்தப் பக்கம் கதாநாயகிக்கு வசனம் பேசுகிற அம்மா குளிர்சாதன அறையில் உட்கார்ந்து நான்கு வரி பேசிவிட்டுப் போய்விடுவார். திரையில் அவர் பெயர் வரும். இவள் பெயர் வராது. எங்கள் தொழிலில் வார்த்தை பேசினால்தான் பெயர், மூச்சுக்குப் பெயர் கிடையாது. இது எங்கேயும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் சட்டத்தையாவது மீறலாம், இதை மீற முடியாது.

"அண்ணே, ஒரு படத்துலயாவது நான் வாயத் தொறந்து நாலு வார்த்த பேசணும்ண்ணே" என்பாள்.

"எதுக்கு? வார்த்த பேசுறவங்க எல்லாம் பொய்தான் பேசுறாங்க. நீயும் நானும்தான் உண்மைய விக்கிறோம்" என்று நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளிப்பேன். அவள் சிரிப்பாள். ஆனால் ஆசை போகாது.

அவள் வீட்டுக்காரர் மின்விசிறி, மிக்ஸி பழுது பார்க்கிறவர். கீழே ஒரு கதவு மட்டும் உள்ள கடை, மேலே இரண்டு அறை. நல்ல குசும்பு பிடித்த மனிதர். நான் போனால் திருகாணியைக் கடித்துக்கொண்டே சொல்வார்: "வாங்க. ஊருல பொண்டாட்டிங்க பெருமூச்சு விட்டா புருஷனுக்குக் கெட்ட பேரு. எங்க வீட்டுல அவ பெருமூச்சு விட்டாத்தான் அரிசி." மாடியிலிருந்து அவருடைய அம்மா, "வாயக் குறைடா, வந்தவருக்கு டீ சொல்லு" என்று அதட்டுவாள். இருமலுக்கு அவள் மாமியார். அத்தை, அத்தை என்று இவளும் கூப்பிட, நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அத்தைக்கு ஒரே பிள்ளை. இவர்களுக்குப் பிள்ளை இல்லை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் நக்கலடித்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார்கள்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. அதைப் பற்றி நான் என்ன சொல்வது? எல்லோருக்கும் தெரியும். யார் வீட்டில் யார் போனார்கள் என்று கேட்கக்கூட ஒருவரும் வெளியே வராத காலம். முதலில் அவருக்கு வந்தது, அடுத்து இவளுக்கு. இரண்டு பேரையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அத்தைக்கு ஒன்றும் வரவில்லை. வராததற்குத் தண்டனை மாதிரி அவளை மாடியிலேயே வைத்து வெளியே பூட்டிவிட்டார்கள். சாப்பாட்டை வாளியில் கட்டி இழுத்துக்கொண்டாளாம்.

ஆஸ்பத்திரியில் பெரிய கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள். நடுவில் பச்சைத் துணித் தடுப்பு. யாரோ இரக்கப்பட்டு இவர்கள் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில் கொடுத்தார்கள். அந்த இரக்கத்தை என்னவென்று சொல்வது! அவளால் எழுந்து உட்கார முடியாது. முகத்தில் குழாய். தடுப்புத் துணிக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சுக்குத் திண்டாடுவது கேட்கிறது. கூப்பிட்டால் குரல் வரவில்லை. கூப்பிட்டாலும் வரக்கூடிய ஆள் அங்கே இல்லை. காலையில் தொடங்கி மத்தியானம் வரைக்கும் கேட்டுக்கொண்டே கிடந்தாள். மூச்சைத் தொழிலாக வைத்திருந்தவள் அல்லவா, ஒன்றையும் தவற விடவில்லை. எது உள்ளே போகிறது, எது போகாமல் திரும்புகிறது, எங்கே தட்டுகிறது, எல்லாம் அவள் காதில் பதிந்துவிட்டது. பிறகு நின்றுவிட்டது.

இவள் பிழைத்து வீட்டுக்கு வந்தாள். பூட்டைத் திறந்து மாடிக்குப் போனாள். அத்தை கேட்டது ஒரே கேள்விதான்.

"எப்படிடி போனான்?"

"தூக்கத்துல அத்தை. எந்தக் கஷ்டமும் இல்ல. தூங்கினவரு எழுந்திரிக்கல. அவ்வளவுதான்."

அந்தப் பொய்யில்தான் அதற்குப் பிறகு அந்த வீடு நின்றது. அத்தை காய்கறி வண்டிக்காரரிடம் சொல்வாள், கீழ்க் கடையை வாடகைக்கு எடுத்த செருப்புக்காரரிடம் சொல்வாள், என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்: "என் பிள்ளை புண்ணியம் பண்ணினவன். எத்தனை பேரு மூச்சு முட்டிச் செத்தாங்க. அவன் தூக்கத்துல போனான்." சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பாள். உண்மை எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவள் என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை, ஸ்டுடியோ வாசலில். சொல்லிவிட்டு, "அத்தை காதுக்கு மட்டும் இது போகவே கூடாதுண்ணே. போனா அவங்க செத்துருவாங்க" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

தொழில் மறுபடி தொடங்கியபோது இவளால் கத்த முடியவில்லை. "பிடி" என்றால் முழுவதாக வரும் முன் இருமல் வந்தது. முன்பெல்லாம் இருமலை நடித்தாள், இப்போது நடிக்காமலே வந்தது. ஏஜென்ட் அவளைக் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார். "பாவம்தான், நான் இல்லேங்கல. ஆனா கூட்டத்துல ஒருத்தி இருமினா கூட்டமே கெட்டுப் போகுதே" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு, அதுதான் வயிற்றெரிச்சல்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் படம் வந்தது.

டைரக்டர் இளைஞர். மெதுவாகப் பேசுவார். நாற்காலியை நமக்குக் கொடுத்துவிட்டுத் தான் நிற்பார். இப்படிப்பட்டவர்களைக் கண்டால் எனக்குப் பயம். கத்துகிற ஆட்களிடம் நாமும் கத்திவிட்டு வரலாம், இவர்களிடம் அது முடியாது. பேய்ப் படம் என்று சொல்லித்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். ஆனால் அதில் பேயே இல்லை. கதவு படார் என்று சாத்தாது, கண்ணாடியில் முகம் தெரியாது. படம் தொடங்கும்போதே நோய் முடிந்துவிடுகிறது. பிழைத்தவர்களை ஊர் சேர்த்துக்கொள்ளாததால் அவர்கள் ஒரு தெருவில் தனியாக வாழ்கிறார்கள். ஒருநாள் அவர்களில் ஒருத்தி பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னால் யாரோ மூச்சு விடுகிறார்கள். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. மூச்சு வருவது அவள் வாயிலிருந்தே. ஆனால் அது அவள் மூச்சு இல்லை, அவள் விட்டுவிட்டு ஓடிவந்த மனிதருடைய கடைசி மூச்சு. பிழைத்த ஒவ்வொருவருக்கும் அப்படி ஒன்று வருகிறது. மறைக்கப் பார்க்கிறார்கள். ரேடியோவைச் சத்தமாக வைக்கிறார்கள், குழாயைத் திறந்து விடுகிறார்கள். இதுதான் கதை. கேட்டுவிட்டு இவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதாநாயகிக்கு வேறு படம் இருந்ததால் அப்போது வர முடியவில்லை. டைரக்டர் இவளிடம் வந்தார்.

"அக்கா, நீங்க பேசுறப்ப இடையில மூச்சு நிக்குது பாருங்க, அதுதான் எனக்கு வேணும். முழு வசனமும் நீங்களே டிராக் பேசிடுங்க. நல்லா வந்தா அப்படியே வச்சுக்குவோம்."

இந்தத் தொழிலில் 'வச்சுக்குவோம்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று வாசலில் நிற்கிற காவலாளிக்குக்கூடத் தெரியும். டிராக் என்பது தற்காலிகக் குரல். உண்மையான ஆள் வரும்வரை இடத்தைப் பிடித்து வைக்கிற துண்டு அது. இருக்கையில் துண்டு போட்டவர்கள் எல்லாம் உட்கார்ந்துவிட முடியுமா? இத்தனை வருடம் இதே அறையில் கிடந்த இவளுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் ஆசை வந்தால் தெரிந்தது எல்லாம் மறந்து போகிறது. "அண்ணே, வசனம்ண்ணே! முழுப் படமும்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். குதித்ததற்கே இரைத்தது. நேராக வீட்டுக்குப் போய் அத்தையிடம் சொன்னாள். அத்தை தெருவுக்கே சொன்னாள்.

நன்றாகப் பேசினாள். இதை நான் பாசத்தில் சொல்லவில்லை. எனக்குக் குரல் தெரியும். ஒரு வரி பேசுவாள், பாதியில் காற்று தீர்ந்துவிடும், மீதி வரியை வெறும் உதட்டால் தள்ளுவாள். அந்தக் கதாநாயகியின் அழகான முகம் அந்தக் குரலால்தான் நோயில் கிடந்து எழுந்த முகமாக மாறியது. ஒலிப்பதிவு இன்ஜினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவர் எங்களிடம் அப்படிக் காட்டியதை நான் பார்த்ததே இல்லை.

கடைசிக் காட்சி வந்தது. கதாநாயகி குளியலறையில் உட்கார்ந்து, இத்தனை நாள் பயந்து ஓடிய அந்த மூச்சை இந்தத் தடவை ஓடாமல் முடிவுவரை கேட்கிறாள். வசனம் கிடையாது. அவள் வாயிலிருந்து அந்த மனிதர் மூச்சு விட்டு, விட்டு, நிறுத்த வேண்டும்.

"யாரையாவது நெனச்சுக்கோங்க அக்கா. இல்லாட்டி சும்மாவே செய்யுங்க. உங்களுக்குத் தெரியும்" என்றார் டைரக்டர்.

அவள் விளக்கை அணைக்கச் சொன்னாள். நாங்கள் சில பேர் எங்கள் முறைக்காக வெளியே பெஞ்சில் இருந்தோம். கதவுக்கு மேலே இருக்கிற சின்ன ஒலிபெருக்கியில் கேட்டது. எனக்கு அவரைத் தெரியும் அல்லவா? திருகாணியைக் கடித்துக்கொண்டு பேசுகிற அந்த மனிதரை? அவர்தான் கேட்டார். ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை, வெறும் காற்று. உள்ளே போகப் பார்க்கிறது, ஓரிடத்தில் தட்டுகிறது, திரும்புகிறது. பெஞ்சில் இருந்த எவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அது நின்றபோது நானும் கொஞ்ச நேரம் மூச்சு விடாமல் இருந்திருக்கிறேன்.

உள்ளே விளக்கு எரிந்தது. டைரக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கில் சொன்னார்: "பிரமாதம் அக்கா. சேஃப்டிக்கு இன்னொரு டேக் எடுத்துக்கலாமா?"

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

அந்த மூச்சை ஏன் கொடுத்தாள் என்று நான் பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்தப் படம் முழுக்க அவள் குரல். முதல் வார்த்தையிலிருந்து அந்தக் கதாநாயகி அவள்தான். தன் வாயால் ஒரு கதையைச் சொல்லி முடிக்கும்போது அந்த மூச்சை அதற்குள் வைத்துவிடலாம், அது தன்னுடையதாகவே இருக்கும் என்று நினைத்திருப்பாள். அத்தை பேய்ப் படம் பார்க்கிறவள் இல்லை என்கிற தைரியமும் இருந்திருக்கும்.

மழைக்காலம் முடிவதற்குள் கதாநாயகி வந்துவிட்டார். தன் படத்துக்குத் தானே பேசினால்தான் விருதுக்காரர்கள் மதிப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்து பேசினார். நன்றாகவே பேசினார், பொய் சொல்லக் கூடாது. ஆனால் மூச்சு வரவில்லை. உடற்பயிற்சி செய்து வளர்த்த நுரையீரல், அது எப்படித் திணறும்? எனவே இன்ஜினியர் ஒரு வேலை செய்தார். எங்கள் தொழிலில் இதற்குப் பெரிய சாமர்த்தியம் என்று பெயர். இவள் பேசிய டிராக்கிலிருந்து வார்த்தைகளை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, வார்த்தைகளுக்கு இடையில் இருந்த மூச்சுகளை மட்டும் பொறுக்கி எடுத்தார். கதாநாயகியின் வார்த்தைகளுக்கு நடுவே ஒவ்வொன்றாகச் சொருகினார். தையல் தெரியவில்லை. வார்த்தை எல்லாம் கதாநாயகியுடையது, மூச்சு எல்லாம் இவளுடையது. கடைசிக் காட்சி இருந்தபடியே இருந்தது.

எனக்குச் செய்தி தெரிந்ததும் அவளை அழைத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று போனேன். டைரக்டர் எங்களைக் கண்டதும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். அதிலேயே என் பாதிக் கோபம் செத்துவிட்டது.

அவள் வசனத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "சார், வசனம் போனா போகட்டும். அந்தக் கடைசி மூச்ச மட்டும் எடுத்துருங்க" என்றாள்.

"அக்கா, படத்தோட உயிரே அதுதான்."

"வேற யாரையாவது வச்சு எடுத்துக்கோங்க சார். வேணும்னா நானே வேற மாதிரி செஞ்சு தர்றேன். அது வேண்டாம்."

"ஏன்க்கா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "அது எங்க வீட்டுக்காரரோட மூச்சு சார். அவரு அப்படித்தான் போனாரு. எங்க அத்தைக்கு அது தெரியாது."

டைரக்டருக்குக் கண்ணில் ஈரம்கூட வந்தது. மனிதர் மனம் இரங்கிவிட்டார் என்றே நான் நினைத்தேன். அப்புறம் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "அக்கா, இத நான் பேட்டியில சொல்லலாமா?"

நான் அந்த அறையில் குரைத்திருந்தாலும் பொருத்தமாக இருந்திருக்கும். அவள் கையை உருவிக்கொண்டு, "சொல்லாதீங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள். அவர் சொல்லவில்லை, அந்த வரைக்கும் நல்ல மனிதர். ஆனால் மூச்சை எடுக்கவும் இல்லை.

படம் வெளியானது. அறிவாளிகள் கொண்டாடினார்கள். பயமுறுத்தாமலே பயமுறுத்துகிறது என்று எழுதினார்கள். கதாநாயகியின் மூச்சே நடித்திருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு நான் அந்தத் தாளில் வடை எண்ணெயைப் பிழிந்தேன்.

அத்தை விடவில்லை. "எப்ப கூட்டிட்டுப் போற?"

"அது பேய்ப் படம் அத்தை. உங்களுக்கு ஆகாது."

"இந்த வயசுல நான் பேயைப் பாத்துப் பயப்படணுமா? பேய்தான் என்னப் பாத்து ஓடணும்."

"என் குரல எடுத்துட்டாங்க அத்தை. அதுல நான் பேசல."

"உனக்கு எப்பவுமே உன்னப் பத்திப் பெருமையாச் சொல்லிக்கத் தெரியாது" என்று அத்தை முடித்துவிட்டாள். மருமகள் தன்னடக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டாள். ஒரு நாள் தானே தியேட்டருக்கு நடந்து போய் மூன்று டிக்கெட் வாங்கி வந்தாள். மூன்றாவது எனக்காம். "நாய் குரைக்குதாமே, அதையும் கேட்டுருவோம்" என்றாளாம்.

மத்தியானக் காட்சி. பாதி இருக்கை காலி. அத்தை நடுவில் உட்கார்ந்தாள், மருமகள் ஒரு பக்கம், நான் மறுபக்கம். கதாநாயகி வாயைத் திறந்ததும் அத்தை முகத்தைச் சுளித்தாள். "இது நீ இல்லையே." கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா, நடுவுல நடுவுல நீ வர்ற. இது என்னடி கண்றாவி, உன் மூச்ச எடுத்து அவ வாயில வச்சிருக்கானுங்க" என்றாள். முன்வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்து 'உஷ்' என்றார். "நீ திரும்புய்யா" என்றாள் அத்தை. என் நாய் குரைத்தபோது என் தொடையில் தட்டினாள். அதுவரை நன்றாகத்தான் இருந்தது.

குளியலறைக் காட்சி வந்தது. இருமல் எழுந்து வெளியே போகப் பார்த்தாள். அத்தை கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

தியேட்டரில் அந்த மூச்சு எங்கள் சின்ன ஒலிபெருக்கியில் வந்த மாதிரி இல்லை. நாலு பக்கச் சுவரிலிருந்தும் வந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, அத்தையைப் பார்த்தேன். அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டாள். தட்டுகிற இடம் வந்ததும் அவள் வாய் திறந்தது. அடுத்த தடவை தட்டியபோது அவள் கை எழுந்து காற்றில் யாருடைய முதுகையோ தடவுகிற மாதிரி மேலும் கீழும் அசைந்தது. பிறகு மூச்சு நின்றது. கை இறங்கியது.

விளக்கு எரிந்தது, பெயர்கள் ஓடின. அத்தை எழுந்திருக்கவில்லை. "இவ பேரு வருதா பாருங்க" என்று என்னிடம் சொன்னாள். நான் கடைசிவரை பார்த்தேன். வண்டி ஓட்டியவர்கள் பெயர் வந்தது, சாப்பாடு போட்டவர்கள் பெயர் வந்தது. இவள் பெயர் வரவில்லை.

வெளியே படிக்கட்டில் வைத்துத்தான் அத்தை கேட்டாள். "சின்ன வயசுல அவனுக்கு இழுப்பு வரும். நெஞ்சுல ஒரு இடத்துல வந்து தட்டும். முதுகத் தடவிக் குடுத்தா அடங்கும். உன்னக் கட்டுறதுக்கு ரொம்ப முன்னாடியே நின்னு போச்சு, உனக்குத் தெரியாது." மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். "அவன் இப்படித்தான் போனானா?"

இருமல் அத்தையின் கையைப் பிடிக்கப் போனாள்.

"தூக்கத்துலன்னு சொன்னியே."

"உங்களுக்குத் தாங்காதுன்னுதான் அத்தை..."

"எனக்குத் தாங்காது, ஊருக்குத் தாங்குமா? பெத்தவகிட்ட சொல்லாதத ஊருக்கே போட்டுக் காட்டிட்டியேடி." கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். கத்தியிருந்தால் தேவலை. பிறகு எங்களை விட்டுவிட்டு முன்னால் நடந்து போய்விட்டாள்.

இனி இவர்கள் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்தேன். அது நடக்கவில்லை. அத்தை சமைத்தாள், இவள் துவைத்தாள், உப்பு எங்கே, சோப்பு எங்கே என்று பேச்சு ஓடியது. ஆனால் மறுநாள் மத்தியானம் அத்தை சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். அதற்கு மறுநாளும். தியேட்டருக்குத்தான். ஓரத்து இருக்கையில் உட்கார்ந்து, மற்ற நேரமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருப்பாளாம். குளியலறைக் காட்சி வரும்போது மட்டும் நிமிர்ந்து உட்காருவாளாம். டிக்கெட் கொடுக்கிறவர் அவளைப் பெரிய பேய்ப் பட ரசிகை என்று நினைத்து, படக் கம்பெனிக்குச் சொல்லிவிட்டார். அவர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாட்டி, இந்தப் படம் உங்களுக்கு ஏன் இவ்வளவு பிடித்திருக்கிறது என்று கேட்டார்கள். "என் பிள்ளை இதுல இருக்கான்" என்றாள் அத்தை. எந்த வேடம், போலீஸா, டாக்டரா என்று விசாரித்தார்கள். அவள் டிக்கெட்டை நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். புத்தி சரியில்லாத கிழவி என்று போய்விட்டார்கள்.

அறிவாளிகள் கொண்டாடிய படம் எத்தனை நாள் ஓடும்? அந்த வாரத்தோடு எடுத்துவிட்டார்கள். வேறு படம் போட்டுவிட்டார்கள். அது தெரியாமல் அத்தை போய், புதுப் படத்தின் சுவரொட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

இருமல் அப்போது இன்ஜினியரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அந்த ஒரு துண்டை மட்டும் ஒரு பிரதி எடுத்துத் தர முடியுமா என்று. அவர் பாவம், நெளிந்தாராம். எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம், வெளியே கொடுத்தால் தன் வேலை போய்விடும் என்றாராம். இத்தனைக்கும் அது ஒரு ஆள் ஒரு தடவை மூச்சு விடுகிற அளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அந்த வீட்டில் இருந்தேன். அத்தை டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மருமகளைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஒரு தடவ செஞ்சு காட்டுடி."

"என்ன அத்தை?"

"அதான். அங்க செஞ்சியே. எனக்கு ஒரு தடவ செஞ்சு காட்டு. எனக்காகக் கேக்குறேன்."

நான் எழுந்து போகப் பார்த்தேன். இருமல் கண்ணாலேயே இருக்கச் சொன்னாள். ஜன்னலைச் சாத்தினாள், மின்விசிறியை நிறுத்தினாள். நாங்கள் நின்றுகொண்டுதான் செய்வோம், அவளும் நின்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மைக் இருக்கிற தூரத்தில் முகத்தை வைத்துத் தொடங்கினாள். அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். கையைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

எனக்கே வித்தியாசம் தெரிந்துவிட்டது. எல்லாம் சரியாக இருந்தது. உள்ளே போகிற அளவு, தட்டுகிற இடம், திரும்புகிற விதம். கற்றுக்கொண்டவள் செய்கிற மாதிரி, ஒரு குறை சொல்ல முடியாதபடி இருந்தது. அத்தை பாதியிலேயே கண்ணைத் திறந்தாள்.

"இது அவன் இல்ல."

"இருங்க அத்தை." மறுபடி தொடங்கினாள்.

"இல்லடி. நீ நடிக்கிற."

மூன்றாவது தடவை தொடங்கும்போதே அவளுக்கு நிஜ இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். அத்தை எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை முதுகைத் தடவிக் கொடுத்தாள். பிறகு டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"விடு. இருந்தது ஒண்ணு. அதையும் அவனுங்ககிட்டக் குடுத்துட்டு வந்துட்ட" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

இருமல் வாயைத் துடைத்துக்கொண்டாள். கையை மறுபடியும் பின்னால் கட்டிக்கொண்டு, நாங்கள் எல்லோரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களிடம் கெஞ்சுகிற அதே குரலில் சொன்னாள்:

"அத்தை, இன்னொரு டேக் போலாம். இந்தத் தடவ சரியா குடுத்துருவேன்."

அத்தை உள்ளே அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை.